வெள்ளைத் தையல்

கிரீஃப்
9 ஜனவரி 1998

தம்பி மர்டோவுக்கு,

உன் இரத்தக் கொதிப்பு எப்படி இருக்கிறது? மாத்திரையை வேளாவேளைக்குப் போடுகிறாயா? மைரியின் இருமல் விட்டதா? எனக்கு வலது முட்டி பனி விழுந்தால் குடைகிறது, மற்றபடி குறையில்லை. போனில் பேசினால் நீ கத்துவாய், நான் வைத்துவிடுவேன், அப்புறம் ஒரு வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. அதனால் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் தையலகத்துக்கு ஒரு டச்சுக்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் உன் கடைச் சரக்கு, நம் ஊர் ஆண்கள் கட்டுகிற மடிப்புப் பாவாடை என்று அவர் ஆசைப்பட்டு வாங்கிய கில்ட். ஒரே ஒரு முறை துவைத்திருக்கிறார்கள். பின்பக்க மடிப்பெல்லாம் கலைந்து, கில்ட் மேசைவிரிப்பாகிவிட்டது.

"நீங்கதாம்மா சரி பண்ணித் தரணும்" என்றார்.

"இதை நான் தைக்கலையே ஐயா."

"உங்க படத்தைப் பாத்துத்தானே வாங்கினோம்!"

உன் கடை வாசலில் நின்று எடுத்துக்கொண்ட போட்டோவைக் காட்டினார். அவர்களுக்குப் பின்னால், உன் சன்னலில், ஆள் உயரத்துக்கு நான். மூக்குக்கண்ணாடி, ஊசி, மடியில் துணி எல்லாம் தெரிகிறது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின கிறிஸ்துமஸில் உன் பெண்டாட்டி மைரி, "ஞாபகத்துக்கு ஒண்ணு எடுத்துக்கறேன் அண்ணி" என்று எடுத்த படம். கீழே கொட்டை எழுத்தில்: எங்கள் குடும்பத்தின் கைவேலை, நாற்பது பவுண்டு மட்டும். கிரீஃப் விலாசத்தைக் கொடுத்ததும் உன் கடைப் பெண்தானாம்.

நான் ஒரு கில்ட்டுக்கு எட்டு கஜம் கம்பளி எடுத்து, மூன்று வாரம் உட்கார்ந்து, ஒவ்வொரு மடிப்பையும் கையால் தைக்கிறேன். நீ எங்கேயோ கடல் தாண்டி மிஷினில் அடித்து, பெட்டி பெட்டியாக இறக்கி, அதற்கு மேல் என் முகத்தை ஒட்டி வைத்திருக்கிறாய். கொஞ்சமாவது வெட்கம் இருக்கிறதா உனக்கு? அந்த மனுஷன் என்னைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போனார்.

படத்தை எடு. வேறொன்றும் கேட்கவில்லை.

உன் மகன் ஹெக்டரைக் கேட்டதாகச் சொல். பள்ளிக்கூட விடுமுறையெல்லாம் என் மேசைக்கடியில் உட்கார்ந்து நூல் உருவிக்கொண்டிருந்த பிள்ளை, இப்போது வருடத்துக்கு ஒரு தடவைகூட எட்டிப்பார்ப்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா இஷ்பெல்

*

எடின்பரோ
2 பிப்ரவரி 1998

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மைரிக்கு இருமல் போய்ச் சளி வந்திருக்கிறது. என் கொதிப்பு உன் கடிதம் வரும்வரை கட்டுக்குள் இருந்தது.

படத்தில் என்ன பொய்? நீ என் குடும்பமா இல்லையா? நீ தைக்கிறாயா இல்லையா? "இந்த அம்மாள்தான் இதைத் தைத்தார்" என்று எங்காவது எழுதியிருக்கிறேனா? படிக்கிறவன் எப்படியோ புரிந்துகொண்டால் அதற்கு நான் என்ன செய்ய?

நானூறு பவுண்டு கேட்கிறாயே, அதைக் கொடுத்து யாரால் வாங்க முடியும்? போன வாரம் ஓட்டலில் தட்டு கழுவுகிற பையன் வந்தான். தங்கைக்குக் கல்யாணம். நாற்பது பவுண்டு கொடுத்து, கட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் சுற்றிச் சுற்றி நின்றான். "அண்ணே, நான்கூட கில்ட் கட்டிட்டேன்!" என்கிறான். அவனை உன்னிடம் அனுப்பியிருந்தால் துணியை மோந்து பார்க்கச் சொல்லி அனுப்பியிருப்பாய்.

அப்பாவை மறந்துவிட்டாயா? டண்டியில் முப்பது வருடம் பஸ் ஓட்டினார். உன் கல்யாணத்துக்கு பஸ் கம்பெனி கால்சட்டையோடுதான் தேவாலயத்தில் நின்றார். கில்ட் வாடகைக்கு எடுக்கக்கூடக் கையில் இல்லை. மாப்பிள்ளை வீட்டார் எல்லோரும் கட்டியிருந்தார்கள். அன்றைக்கு என் கடை மாதிரி ஒரு கடை இருந்திருந்தால் அவரும் கட்டியிருப்பார். அதை நினைத்துத்தான் நான் கடை திறந்தேன். நீ பெரிய மனிதர்களின் இடுப்பை அளந்து அளந்து, நாம் யார் வீட்டுப் பிள்ளைகள் என்பதையே மறந்துவிட்டாய்.

படம் அங்கேயேதான் இருக்கும். டச்சுக்காரரை வெதுவெதுப்பான தண்ணீரில் துவைக்கச் சொல்.

முட்டிக்குக் கம்பளி சுற்றிக்கொள். உன்னிடம்தான் நிறைய இருக்கிறதே.

மர்டோ

*

எடின்பரோ
30 மார்ச் 1998

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய்? முட்டி தேவலையா? நீ பதில் போடவில்லை. கோபம் என்று புரிகிறது. போன கடிதத்தில் கொஞ்சம் கூடக்குறைய எழுதிவிட்டேன். பெரியவள், பொறுத்துக்கொள்.

நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். ஹெக்டருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெண் பெயர் ஐல்சா. ஆகஸ்ட் பதினைந்து, ஸ்டர்லிங்கில். பெண்ணின் அப்பா கர்னல் அர்கர்ட், பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பரம்பரை வீடு, சுவரெல்லாம் மான் கொம்பு. அவர் வீட்டு ஆண்கள் நாலு தலைமுறையாகக் கில்ட் கட்டுகிறவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் விருந்து. ஆட்டுக்கறி பரிமாறிக்கொண்டே கர்னல் கேட்டார்: "கல்யாணத்துக்குக் கட்டப்போற உங்க கில்ட் யாரு தைச்சது?"

மைரி என்னைப் பார்த்தாள். ஹெக்டர் தட்டைப் பார்த்தான். நான், "எங்கக்கா தைச்சது. கிரீஃப்ல இருக்கா" என்று சொல்லிவிட்டேன். "அடடே, இஷ்பெல் அம்மாவா உங்க அக்கா? பட்டாளத் தையல் கூடத்துல இருந்தப்ப எனக்கே தைச்சுக் குடுத்திருக்காங்களே!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். அதற்கப்புறம்தான் அவர் என்னைச் சமமாக நடத்தினார் என்று உண்மையாகவே சொல்கிறேன்.

அதனால் எங்கள் இருவருக்கும், எனக்கும் ஹெக்டருக்கும், நீதான் தைத்துத் தர வேண்டும். கூலி முழுதாகக் கொடுக்கிறேன். படத்தையும் எடுத்துவிடுகிறேன். எனக்காக வேண்டாம், ஹெக்டருக்காகச் செய்.

பாசமுள்ள தம்பி,
மர்டோ

*

கிரீஃப்
1 ஏப்ரல் 1998

மர்டோவுக்கு,

ஹெக்டருக்குக் கல்யாணம் என்றதும் சந்தோஷத்தில் அடுப்பில் வைத்த கஞ்சி தீய்ந்தது. பெண் நல்லவளாக இருக்கட்டும். நீங்கள் எல்லோரும் சுகமாக இருங்கள்.

இப்போது உனக்கு. உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை சத்தம் போட்டுப் படித்தேன், பக்கத்து வீட்டு நாய்கூடக் கேட்டது. கடை கடையாக நாற்பது பவுண்டு கில்ட் விற்கிறவன், தன் பிள்ளை கல்யாணத்துக்கு அதில் ஒன்றைக் கட்டக் கூசுகிறான். ஏன், சுற்றிச் சுற்றி நின்றானே ஒரு பையன், அவனுக்குப் பொருந்தியது உனக்குப் பொருந்தாதா? வெதுவெதுப்பான தண்ணீரில் துவைத்தால் போயிற்று.

அப்பாவை இதில் இழுக்காதே. அவர் இருந்திருந்தால் உன் குடைத்துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு பஸ் கால்சட்டையோடே போயிருப்பார்.

தைத்துத் தருகிறேன். இரண்டு நிபந்தனை. ஒன்று, படம் இறங்க வேண்டும். உலகத்தில் எந்தச் சன்னலிலும் உன் சரக்குக்கு மேல் என் முகம் இருக்கக் கூடாது. இரண்டு, அளவு கொடுக்க நீயே வர வேண்டும். கால்சட்டை அளவை எழுதி அனுப்புகிற வேலை என்னிடம் ஆகாது. கில்ட்டின் உயரத்தை ஆள் முழங்காலிட்டு நின்றால்தான் பார்க்க முடியும். நீ கில்ட் வியாபாரி, இது உனக்குத் தெரிந்திருக்கும்.

வரும்போது மைரியின் ஓட்ஸ் பிஸ்கட் கொண்டு வா.

இஷ்பெல்

*

எடின்பரோ
27 ஏப்ரல் 1998

அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். என் முழங்கால் இரண்டும் இன்னும் சேரவில்லை.

அளவெடுப்பது ஒரு நிமிட வேலை என்று ஹெக்டர் சொல்கிறான். அவனுக்கு ஒரு நிமிடம்தான் ஆனது. என்னை மட்டும் வெறும் பலகைத் தரையில் முழங்காலிட வைத்துவிட்டு, "அசையாதடா" என்று சொல்லிவிட்டு, கம்பளி ஆலைக்காரரோடு போனில் வானிலை பேசினாய். அவர் பேரன் பல் முளைத்த கதை வரைக்கும் கேட்டாய். நான் எழுந்திருக்கப் போனால், "எழுந்தா முதல்லேருந்து அளக்கணும்" என்றாய். ஹெக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனான். போகட்டும். மூன்று கடைக்கு முதலாளி, அக்கா முன்னால் மண்டியிட்டான் என்று உன் மனசு குளிர்ந்திருக்கும்.

படத்தை எடுத்துவிட்டேன். ஆள் வைத்து அல்ல, நானே ஏணி போட்டு ஏறி ஆணியைப் பிடுங்கினேன். எடின்பரோவில் எந்தச் சன்னலிலும் உன் முகம் இல்லை. வந்து பார்த்துக்கொள்.

ஹெக்டர் தன்னுடையதை அவனே வந்து வாங்கிக்கொள்வானாம். எனக்கு பார்சலில் அனுப்பிவிடு. இன்னொரு தடவை உன் தரைக்கு வர என்னால் ஆகாது.

மைரி விசாரித்தாள். மூட்டுக்கு அவள் சொன்ன தைலத்தைத் தடவு.

மர்டோ

*

கிரீஃப்
18 ஜூலை 1998

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மைரியும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் நன்றாகவே இருக்கிறேன். தைலம் கேட்கிறது. மைரிக்கு நன்றி சொல்.

உன் கில்ட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எட்டு கஜம், நல்ல கனமான கம்பளி. அடர்பச்சையும் நீலமும், நடுவில் ஒற்றை மஞ்சள் கோடு. மடிப்புக்கு மடிப்பு கட்டம் மாறாமல் வரும். உன் வயசில் இடுப்பு போடும் என்பதால் உள்ளே துணி விட்டிருக்கிறேன். இஸ்திரி போட்டு, தாளில் சுற்றியிருக்கிறேன். தாளை மெதுவாகப் பிரி.

ஹெக்டர் போன வாரம் வந்து தன்னுடையதை வாங்கிக்கொண்டு போனான். பழையபடி மேசைக்கடியில் உட்காரப் பார்த்தான், கால் கொள்ளவில்லை. இருவரும் சிரித்தோம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

ஜூனில் துணி எடுக்க கிளாஸ்கோ போயிருந்தேன். ரயில் நிலையத்துக்கு எதிரே உன் புதுக் கடையைப் பார்த்தேன். பெரிய சன்னல். கண்ணாடியை நன்றாகத் துடைத்து வைத்திருக்கிறார்கள். வெகு நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தேன்.

கல்யாண வேலைகளில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

அக்கா இஷ்பெல்

*

எடின்பரோ
25 ஜூலை 1998

என் அருமை அக்காவுக்கு,

நலமாக இருக்கிறாயா? இங்கே கல்யாண அமளி. தொப்பிக்காக மைரி மூன்று ஊர் அலைந்துவிட்டாள்.

பார்சல் வந்தது. பிரித்ததும் கட்டிப் பார்த்தேன். நான் கடை வைத்துப் பதினெட்டு வருடம், கையில் எத்தனையோ ஆயிரம் கில்ட் வந்து போயிருக்கும். இது வேறு. கட்டிக்கொண்டு நடந்தால் இது என்னோடு நடக்கிறது. உன்னைப் பற்றி வாயில் வந்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன், அதில் தொழிலைப் பற்றிச் சொன்னதை மட்டும் வாபஸ் வாங்குகிறேன்.

அப்புறம் அந்த வெள்ளைத் தையல்! பின்பக்கம் மடிப்புகளுக்கு மேலே குறுக்காக இரண்டு வரிசை போட்டிருக்கிறாயே, என்ன அழகு! கையால் தைத்தது என்று தூரத்தில் இருந்தே தெரிகிறது. கடைப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மிஷின்ல இப்படி வருமாடி?" என்று கேட்டேன். ஹெக்டருடையதைப் பார்த்தேன், அதில் அது இல்லை. எனக்கென்று கூடுதலாகச் செய்திருக்கிறாய். ராத்திரி மைரியிடம் சொன்னேன்: "அக்கா பழசையெல்லாம் மறந்துட்டா மைரி. மனசுல ஒண்ணும் வெச்சுக்கல." சொல்லிவிட்டு எழுந்துபோய் இன்னொரு தடவை கட்டிப் பார்த்தேன்.

கர்னலிடம் அந்தத் தையலைத்தான் முதலில் காட்டப் போகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடு. முன் வரிசையில் உனக்கு இடம்.

உன் தம்பி,
மர்டோ

*

கிரீஃப்
29 ஜூலை 1998

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். சந்தோஷம்.

முட்டி மறுபடி வீங்கிவிட்டது. தேவாலயப் படி ஏற முடியாது, நான் வரவில்லை. ஹெக்டருக்கும் பெண்ணுக்கும் என் ஆசி. இங்கே நல்ல வெயில். மைரி விரும்பியபடி தொப்பி கிடைக்கட்டும்.

இஷ்பெல்

*

எடின்பரோ
24 ஆகஸ்ட் 1998

இஷ்பெலுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. உன் முட்டி எப்படி இருந்தால் எனக்கென்ன?

கல்யாணத்தன்று தேவாலய வாசலில் நின்று நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்தவர்களுக்கெல்லாம் கோட்டைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினேன். "பாருங்க, கைத்தையல், எங்கக்கா எனக்குன்னே போட்டது." சிலர் சிரித்தார்கள். மகன் கல்யாணம், சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்!

விருந்தில் கர்னல் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கும் திரும்பி நின்று காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மேசை முழுக்கக் கேட்கிற மாதிரி, சிரிக்காமல், நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டார்:

"ஏங்க சம்பந்தி, திங்கக்கிழமை கடையில திருப்பிக் குடுத்துடற உத்தேசமா?"

எனக்குப் புரியவில்லை. "இல்லையே, நான் காசு குடுத்து வாங்கினது" என்றேன். மேசையே வெடித்துச் சிரித்தது. அவர் தம்பிதான் என்னை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னார். அது மடிப்பு கலையாமல் வந்து சேர்வதற்காகத் தையல்காரர் போட்டு அனுப்பும் கச்சாத் தையலாம். கட்டுவதற்கு முன்னால் உருவிப்போட வேண்டுமாம். விலைச்சீட்டைப் பிய்க்காமல் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தவன் மாதிரி நான் நாள் முழுக்க நின்றிருக்கிறேன்.

கத்தரிக்கோலுக்கு எங்கே போவது? அதற்குள் ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். எல்லோருடைய மடிப்பும் குடை மாதிரி விரிகிறது, நான் மட்டும் தகர டப்பாவுக்குள் நின்று ஆடினேன். நடுவில் நூல் பாதி அறுந்து வாலாகத் தொங்கியது. ஒரு குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு என் பின்னாலேயே ஓடி வந்தது. வீடியோ எடுத்தவன் என்னைத் தவிர வேறு யாரையும் எடுக்கவில்லை.

நான் அந்தத் தையலைப் பற்றி உனக்கு எழுதினேன். பக்கம் பக்கமாகப் புகழ்ந்து எழுதினேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்தது. நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். வெயில் நன்றாக இருக்கிறது என்று எழுதினாய்!

என் முகத்தில் கரி பூசிவிட்டாய். இனி நீ எனக்கு அக்கா இல்லை.

மர்டோ

*

கிரீஃப்
27 ஆகஸ்ட் 1998

மர்டோவுக்கு,

நான் நலம், நீ விசாரிக்காவிட்டாலும். கோபத்தில் மாத்திரையை மறந்துவிடாதே.

"எடின்பரோவில் எந்தச் சன்னலிலும் உன் முகம் இல்லை" என்று எழுதினாய். ஆணியைப் பிடுங்கியதைச் சொன்னாய், அதை எங்கே கொண்டுபோய் அடித்தாய் என்று சொல்லவில்லை. கிளாஸ்கோவில், ரயிலைவிட்டு இறங்குகிறவன் கண்ணில் முதலில் படுகிற மாதிரி, முன்பைவிடப் பெரிதாக மாட்டியிருக்கிறாய். மழையில் நின்று என்னையே பார்த்தேன். உள்ளே இருந்து ஒரு பெண் வந்து, "உள்ள வாங்கம்மா, நாப்பது பவுண்டுதான், இந்தம்மா கையால தைச்சது" என்றாள். என்னிடமே! யாருக்கடா காது குத்துகிறாய்?

நீ ஒன்றைச் சொல்லாமல் விட்டாய். நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். கணக்கு தீர்ந்தது.

பதினெட்டு வருடம் கில்ட் விற்றவனுக்கு வெள்ளை நூல் எதற்கென்று தெரியவில்லை என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இன்னொன்று. ஹெக்டரைக் கேள். அவனுக்கு ஆறு வயதிலிருந்து விடுமுறைக்கு விடுமுறை என் மேசைக்கடியில் உட்கார்ந்து அவன் உருவியது இதே வெள்ளை நூலைத்தான். ஒரு கில்ட்டுக்கு ஒரு மிட்டாய் கூலி. ஜூலையில் வந்தபோதுகூடத் தன்னுடையதை அவனேதான் உருவினான். கல்யாணத்தன்று காலையிலிருந்து ராத்திரி வரை உன் பக்கத்தில்தான் நின்றிருப்பான். அவன் ஏன் சொல்லவில்லை என்று கேட்டுத் தெரிந்துகொள். என்னிடம் வந்து கத்தாதே.

இஷ்பெல்

*

எடின்பரோ
12 நவம்பர் 1998

இஷ்பெல் அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இரு. ஆற அமர எழுதுகிறேன் என்பதால் கொதிப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

ஹெக்டரைக் கேட்டேன். உடனே கேட்கவில்லை, உன் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் அலைந்தேன். என் பிள்ளையும் சேர்ந்து சிரித்தானோ என்று சந்தேகப்பட வைத்தாயே, அதற்கு உனக்கு நரகத்தில் தனி அறை உண்டு. கடைசியில் கேட்டேன். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"கல்யாணத்தன்னிக்குக் காலையில, ஓட்டல்லயே பாத்தேன்ப்பா. கத்தரிக்கோல எடுத்துக்கிட்டு வந்தேன். 'அக்கா எனக்குன்னே போட்டது'ன்னு நீங்க அம்மாகிட்ட சொல்லிக்கிட்டிருந்தீங்க. உங்க முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். எப்படிச் சொல்றது? கத்தரிக்கோல பைக்குள்ள போட்டுட்டேன்."

அப்புறம் அவன் கேட்டான்: "அத்தை தெரிஞ்சேதான் விட்டாங்களாப்பா?" உன் ஜூலை கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். வெயில் நன்றாக இருக்கிற கடிதம். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தான். உனக்கு எழுதினானா? எழுதியிருக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

இனி வியாபாரச் செய்தி. கல்யாண வீடியோவை ஒரு நாள் கடையில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். கனடாக்காரர் ஒருவர் உள்ளே வந்து, என் பின்பக்கத்தைக் காட்டி, "அந்த வெள்ளைத் தையல் போட்டது இருக்கா? அதுதான் அசல் மாதிரி இருக்கு" என்றார். எனக்குப் பொறி தட்டியது. மடிப்புக்கு மேல் குறுக்கே இரண்டு வரிசை வெள்ளை நூல், மிஷினில் அடித்து, நானூறு உருப்படி இறக்கினேன். "உருவக் கூடாத வெள்ளைத் தையல், அசல் கில்ட்டின் அடையாளம்" என்று எழுதி வைத்தேன். ஐம்பத்தைந்து பவுண்டு. மூன்று வாரத்தில் காலி. இன்னும் ஆயிரம் கப்பலில் வருகிறது.

படத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். முகம் இருக்கக் கூடாது என்றாய், வெட்டிவிட்டேன். எல்லாக் கடையிலும் இப்போது உன் கை மட்டும்தான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன் அக்கா, படத்தில் நீ ஊசியில் கோத்திருப்பதே வெள்ளை நூல்தான். மைரி எடுத்த நேரத்தில் நீ கச்சாத் தையல்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். இனி யாரும் என்னைப் பொய் சொன்னதாகச் சொல்ல முடியாது. இது உன் தையல், உன் கை. பெயர் வைத்தவன் மட்டும் நான்.

குளிர் அதிகம். முட்டியைப் பார்த்துக்கொள்.

மர்டோ

*

கிரீஃப்
20 பிப்ரவரி 1999

மர்டோவுக்கு,

எல்லோரும் நலமா? நான் இருக்கிறேன். பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன்.

நேற்று பெர்த்திலிருந்து ஒரு பையன் வந்தான். தபால்காரன், மார்ச்சில் கல்யாணம். அவனுக்கு ஜனவரியிலேயே தைத்து முடித்து, வழக்கம்போல் நூலை நானே உருவிக் கொடுத்து அனுப்பியிருந்தேன். ஒரு வருடம் சேர்த்துவைத்த காசில் வாங்கியவன். கில்ட்டை மேசைமேல் வைத்தான். தயங்கித் தயங்கிப் பேசினான்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. இதுல வெள்ளைத் தையல் இல்லையே."

அது எதற்கு, ஏன் உருவ வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னேன். ஒரு பழைய துணியில் தைத்து, உருவிக்கூடக் காட்டினேன். தலையாட்டிக்கொண்டே கேட்டான். கேட்டுவிட்டு, பாவம், என்மேல் இரக்கப்பட்டு, மெதுவான குரலில் சொன்னான்:

"நீங்க சொல்றது சரியா இருக்கலாம்மா. ஆனா எடின்பரோ கடையில ஒரு படம் இருக்கு. வயசான ஒரு அம்மாவோட கை. அந்தக் காலத்துக் கை. அதுல வெள்ளை நூல்லதான் தைக்கிறாங்க. மாமனார் வீட்ல எல்லாரும் அதைப் பாத்திருக்காங்க. இது இல்லாம போய் நின்னா, மலிவா வாங்கிட்டு வந்துட்டான்னு சொல்லுவாங்க."

அவன் பேசும்போது என் இரண்டு கையும் மேசைமேல்தான் இருந்தன. அவன் கண் அவற்றின்மேல்தான் இருந்தது. 'அடேய், அது இந்தக் கைதான்' என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருக்க மாட்டான். போன வருடம் ஒருவர் பையோடு வந்து நான் தைக்காததை நான் தைத்தேன் என்றார். இப்போது ஒருவன் நான் தைத்ததை அசல் இல்லை என்கிறான். இருவருக்கும் சாட்சி நான்தான்.

பையனின் முகத்தைப் பார்த்தேன். அப்பா பஸ் கால்சட்டையோடு தேவாலயத்தில் நின்றாரே, அதே முகம். அவனை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தேன். வெள்ளை நூல் கோத்து, குறுக்கே இரண்டு வரிசை, நானே போட்டுக் கொடுத்தேன். தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இப்பதாம்மா அசலா இருக்கு" என்றான். இன்று காலையில் இன்னும் இரண்டு பேர் போன் செய்து அதையே கேட்டார்கள்.

படத்தை வைத்துக்கொள்.

ஹெக்டர் இன்னும் எழுதவில்லை. கிறிஸ்துமஸுக்கு மிட்டாய் அனுப்பினேன், அதற்கும் பதில் இல்லை. உன்னிடம் என்னைப் பற்றி ஏதாவது பேசினால், அத்தை விசாரித்தாள் என்று மட்டும் சொல். வா என்று சொல்லாதே. வந்தால் அவனுக்குக் கொடுக்க இங்கே வேலை இல்லை. இனி யாரும் நூலை உருவ விடமாட்டார்கள்.

இஷ்பெல்